பாதித் தாம்பாளம்

டூர் பஸ்ஸில் கைடாக நிற்பவளிடம் ஜனங்கள் அதிகமாகக் கேட்கிற சரித்திரக் கேள்வி, "பாத்ரூம் எங்க இருக்கு?" என்பதுதான்.

என் பெயர் பேச்சியம்மாள். பிற்காலத்தில் இவள் மைக்கைப் பிடித்துத்தான் பிழைக்கப் போகிறாள் என்று பெயர் வைக்கும்போதே எங்கப்பாவுக்குத் தோன்றியிருக்குமோ என்னவோ! புனேயில், விஷ்ராந்த்வாடியில் ஒரு சின்ன டூர் ஆபீஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் புனேத் தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி, மும்பையைச் சுற்றிக் காட்டி, அன்றைக்கே பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். முன் சீட்டுக்குச் சண்டை போட்டவர்களே, மலைப்பாதையில் வாந்தி எடுத்தவர்களே, "எங்க வீட்டுக்காரர் இன்னும் வரலை, கொஞ்சம் நிறுத்துங்க" என்று கத்தியவர்களே, நீங்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள். நீங்கள் உட்கார்ந்துகொண்டு பட்ட பாட்டை நான் நின்றுகொண்டு பட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தவர். கோர்படி ரயில்வே காலனியில்தான் என் பாதி ஆயுசு கழிந்தது. அவர் போன பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, விஷ்ராந்த்வாடியில் ஒரு அறையும் சமையல்கட்டுமாக வாடகைக்குப் பிடித்தேன். பெங்களூரில் இருக்கிற என் மகன் தங்கமான பிள்ளை. "ஒத்தையில அங்க எதுக்கும்மா கெடக்கே, இங்க வந்துரு" என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பான். எனக்கோ, என் வீட்டுக் கதவை நானே பூட்ட வேண்டும், நானே திறக்க வேண்டும். பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். தீபாவளிக்குள் வேலை நிரந்தரமானால் நான் புனேயில் இருப்பேன். இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு பெட்டியைக் கட்ட வேண்டும்.

முதலாளி மோரே சார் மராத்திக்காரர். ஆபீஸில் போன் எடுத்துக்கொண்டிருந்த என்னைப் பஸ்ஸில் ஏற்றியபோது அவர் சொன்னது இதுதான்: "தீபாவளி வரைக்கும் பார்ப்போம், தாயி. ஏத்தின ஆளெல்லாம் இறங்கணும். ஒரு கம்ப்ளெய்ன்ட்கூட வரக் கூடாது." மராத்தியில் அக்காவைத் தாயி என்பார்கள். திருநெல்வேலிக்காரியான எனக்கு அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த ஊரைப் பிடிக்கும். ஆனால் அந்தக் கடைசி நிபந்தனைதான் இடித்தது. நம்ம ஆட்களை டூர் கூட்டிக்கொண்டு போய்க் கம்ப்ளெய்ன்ட் வராமல் இருப்பதாவது!

ஒரே ஒரு வார்த்தை

முதல் டிரிப்பிலேயே லோனாவாலாவில் சிக்கி என்கிற கடலை மிட்டாய் வாங்கப் போன ஒருவரை விட்டுவிட்டுப் பஸ் நகர்ந்துவிட்டது. மனுஷன், "யோவ் நில்லு, நில்லுய்யா!" என்று தெரு முழுக்க ஓடி வந்தார். அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. அவர் ஏதோ வேண்டுதலுக்காக ஓடுகிறார் என்று நினைத்து மரியாதையாக வழிவிட்டார்கள். அடுத்த டிரிப்பிலிருந்து பஸ் கிளம்பியதும் எல்லோருக்கும் ஒரே ஒரு மராத்தி வார்த்தையைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். தாம்பா. நில்லுங்க, நிறுத்துங்க, பொறுங்க, போகாம இருங்க, எல்லாவற்றுக்கும் மராத்தியில் அந்த ஒரே வார்த்தைதான்.

சொல்லிக்கொடுத்தால் நிற்குமா? ஒருவர் தம்பி என்றார், ஒருவர் பாம்பு என்றார். எனக்குப் பொறுமை எப்போதுமே அரைப்படிதான். "எல்லாரும் தாம்பாளம்னு சொல்ல ஆரம்பிங்க. பாதியில வாயை மூடிருங்க!" என்று மைக்கில் அதட்டினேன். அது பிடித்துக்கொண்டது. பஸ் முழுக்க 'தாம்பா, தாம்பா' என்று பள்ளிக்கூடம் மாதிரி முழங்கியது. கணவர் உற்சாகமாகக் கத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னிடம் திரும்பிச் சொன்னார்: "கல்யாணமான நாள்லேர்ந்து இவர்கிட்ட நான் தமிழ்லயே நில்லுங்கன்னு சொல்லிண்டிருக்கேன், நின்னதில்லை. இனிமே மராத்தியில சொல்லிப் பாக்கறேன்."

காகாவுக்குப் புரமோஷன்

எங்கள் டிரைவருக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. ஆனால் எல்லோரும் அவரைக் காகா என்றுதான் கூப்பிடுவார்கள். மராத்தியில் சித்தப்பா என்று அர்த்தம். சென்னையிலிருந்து அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்த ஒரு பேங்க் ஆபீசர், ஏறியதிலிருந்து முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தார். பன்வேல் தாண்டியதும் எழுந்து நின்று, "ஒரு பெரிய மனுஷனை நிறத்தை வச்சுக் காக்கா, காக்கான்னு கூப்பிடறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?" என்று பஸ்ஸையே பிடித்து உலுக்கிவிட்டார். எங்கள் காகா வேறு கொஞ்சம் கறுப்பு.

விஷயத்தைச் சொன்னதும் ஆபீசர் அசடு வழிந்தார். ஆனாலும் அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அன்று முழுக்க, "சித்தப்பா, ஏசியைக் கொஞ்சம் குறைங்க", "சித்தப்பா, டீ சாப்பிடறீங்களா?" என்றே கூப்பிட்டார். பின்னாலிருந்த பிள்ளைகளும் பிடித்துக்கொண்டன. சித்தப்பா என்றால் என்ன என்று காகா கேட்டார். சொன்னேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து, மீசையைத் தடவிக்கொண்டு மராத்தியில் சொன்னார்: "இத்தனை வருஷமாக் காகாவாவே இருந்தேன் தாயி, இன்னிக்குத்தான் எனக்குப் புரமோஷன் கிடைச்சுது."

நாலு போளி

கும்பகோணத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு தம்பதி. மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. மாமி அவரைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்துக்கொண்டு வந்தார். காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் மாமி கை கழுவப் போனதும், மாமா ஒரே பாய்ச்சலாகக் கவுன்ட்டருக்குப் போனார். போர்டில் இருந்த மராத்தியை, தெரிந்த ஹிந்தி எழுத்தை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். 'போளி' என்று போட்டிருந்ததாம். நாலு விரலைக் காட்டி, "போளி, போளி" என்று ரகசியமாக ஆர்டர் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தட்டு வந்தது. நாலு வறட்டுச் சப்பாத்தி.

புனேப் பக்கம் சப்பாத்திக்குத்தான் போளி என்று பெயர். தித்திப்புப் போளி வேண்டுமென்றால் பூரண் போளி என்று முழுசாகக் கேட்க வேண்டும். இதை நான் விளக்குவதற்குள் மாமி வந்துவிட்டார். தட்டைப் பார்த்தார். நெய்கூட இல்லாத சப்பாத்தியைத் தன் கணவர் தானாகவே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார் என்றதும் மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "என் பேச்சையும் ஒருத்தர் கேக்கறாரே" என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். மாமா நாலையும் தண்ணீர் குடித்துக் குடித்து உள்ளே தள்ளினார். பஸ்ஸில் ஏறும்போது என் காதருகில் வந்து சொன்னார்: "பொய் சொல்லாமலே நல்ல பேர் வாங்கித் தர்ற ஊரை இப்பத்தாம்மா பாக்கறேன்."

சரோஜாவின் கடல்

சரோஜா ஏரவாடாவிலேயே பிறந்து வளர்ந்தவள். நாலு வீட்டில் சமையல் வேலை. அவளும் அவள் தோழிகளும் ஆசைப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு சொல்லிவிட்டு வந்தார்கள். அன்றைக்கு அந்தப் பெண்கள் போட்ட கும்மாளத்தில் என் மைக்குக்கு வேலையே இல்லை. நான் நின்றுகொண்டே வருவதைப் பார்த்து, "நீ சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டவள் சரோஜா. எத்தனையோ டிரிப் போயிருக்கிறேன், என்னை அப்படிக் கேட்டவர்கள் அபூர்வம். தான் கொண்டுவந்த சப்பாத்தியைச் சுருட்டி, உள்ளே தேச்சா என்கிற மிளகாய்த் துவையலைத் தடவி என் கையில் கொடுத்தாள். காரம் உச்சியில் ஏறியது. மகராசி, நன்றாக இருக்கட்டும்.

மரீன் டிரைவில் இறங்கியதும் சரோஜா நேராகக் கடலோரச் சுவருக்குப் போனாள். இத்தனை பக்கத்தில் இருந்தும் கடலைப் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. சுவர்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், கண்ணீர் அது பாட்டுக்கு இறங்கியது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் இருந்தபோது ரயில்வே பாஸில் காசி, ராமேஸ்வரம் என்று எங்கெங்கோ போனோம், இந்தச் சுவரில் சேர்ந்து சும்மா ஒரு பொழுது உட்காராமல் போய்விட்டோமே என்று இருந்தது. நான் அழுவதைப் பார்த்ததும் சரோஜா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடலைக் கையால் சுட்டிக் காட்டி, சந்தைக் கல்லி என்றும் குழாயை நள்ளு என்றும் சொல்கிற தன் புனேத் தமிழில் படபடவென்று பொரிந்தாள்: "இம்மாந் தண்ணி இங்க சும்மா கெடக்குது, எங்க கல்லியில மட்டும் காலையில அரை மணி நேரத்துல நள்ளு நின்னுபோவுதே, இது நாயமாக்கா?"

ரெண்டு வெள்ளைப் பஸ்

தீபாவளிக்கு முந்தின கடைசி டிரிப். அதுவரை மோரே சாரிடம் ஒரு புகாரும் போகவில்லை. இந்த ஒன்றைத் தாண்டிவிட்டால் போதும் என்று காலையில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். ஏறும்போதே ஓர் இளைஞன், ஐ.டி. கம்பெனிக்காரன், தன் அம்மாவைக் கொண்டுவந்து என்னிடம் ஒப்படைத்தான். "எனக்கு ஷிப்ட் இருக்கு ஆன்ட்டி. அம்மாவுக்குத் தமிழைத் தவிர ஒண்ணும் தெரியாது. நீங்கதான் பாத்துக்கணும்." ஈரோட்டிலிருந்து வந்திருந்த பாக்கியத்தம்மா. நான் தாம்பாளப் பாடம் நடத்தியபோது அந்தம்மா மட்டும் வாயைத் திறக்கவில்லை. "எனக்கெதுக்குங்க அம்மிணி அதெல்லாம்? நானென்ன தனியாவா எங்கியும் போகப் போறேன்?" என்றார்.

திரும்பி வரும்போது எக்ஸ்பிரஸ் ஹைவேயில் டீக்கு நிறுத்தினோம். எல்லோரும் ஏறியாயிற்று. தலையை எண்ணினால் ஒன்று குறைகிறது. ஜன்னலோரச் சீட்டில் பாக்கியத்தம்மாவின் பை மட்டும் உட்கார்ந்திருந்தது. போன் போட்டேன், பைக்குள்ளேயே மணி அடித்தது. பாத்ரூம், டீக்கடை, பொம்மைக்கடை என்று பைத்தியம் மாதிரி ஓடினேன். வேலை போனது போகட்டும், அந்தப் பிள்ளை என்னை நம்பியல்லவா அம்மாவை விட்டுவிட்டுப் போனான்! பஸ்ஸில் நம்மவர்கள் சிலர், "எவ்வளவு நேரம் நிக்கறது?" என்று ஆரம்பித்தார்கள். காகா சாவியை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "அந்தம்மா ஏறாம சக்கரம் உருளாது" என்று சொல்லிவிட்டு அவரும் தேடக் கிளம்பினார். அந்த நேரத்தில் அவர் எனக்குச் சித்தப்பா இல்லை, சாமி.

நடந்தது இதுதான். எங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் அதே மாதிரி வெள்ளைப் பஸ் ஒன்று நின்றிருக்கிறது. அதே சாமந்தி மாலை, அதே எலுமிச்சை மிளகாய். கோலாப்பூர்ப் பக்கத்துப் பெண்கள் குழு. பாக்கியத்தம்மா அதில் ஏறி, கால் வலி என்று கண்ணை மூடிவிட்டார். பஸ் நகர்ந்ததும் பக்கத்துப் பெண், "காய்?" என்றாளாம். மராத்தியில் 'என்ன' என்று கேட்கிறாள். அந்தம்மா, "காயெல்லாம் வேண்டாமுங்க" என்றாராம். இன்னும் நாலு பேர் வந்து "காய், காய்" என்றதும்தான் கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறார். ஒரு முகமும் தெரிந்த முகமில்லை. உடனே எழுந்து நின்று, கும்பிட்ட கையோடு, "தாம்பாளம்! தாம்பாளம்! தாம்பாளம்!" என்று அலறியிருக்கிறார். டிரைவர் அடித்த பிரேக்கில் பஸ் அப்படியே நின்றுவிட்டது.

ஹைவேயில் ஏறுகிற இடத்திலிருந்து ஒரு பட்டாளமே அவரைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு வந்தது. நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, மடியில் தேங்காய் வேறு கொடுத்திருந்தார்கள். நான் அந்தப் பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் அழுதேன். அவர்களில் ஒருத்தி சிரித்துக்கொண்டே, "தாம்பா புரிஞ்சுது தாயி, அந்த 'ளம்' என்னன்னுதான் பஸ் மொத்தமும் யோசிச்சோம்" என்றாள். நான் பாக்கியத்தம்மாவைக் கட்டிக்கொண்டு, "பாதியில நிறுத்துங்கன்னுதானம்மா சொல்லிக்கொடுத்தேன்!" என்றேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "பஸ்ஸு நின்னு போச்சுங்க அம்மிணி, பயத்துல எனக்கு வாய்தான் நிக்கலீங்க!"

ஸ்பீக்கரில் ஈரோடு

மறுநாள் நான் ஆபீஸில் நுழையும்போதே மோரே சாரின் மேஜையில் போன் மணி. அவர் எடுத்தார். முகம் மாறியது. ஸ்பீக்கரில் போட்டு, "யாரோ தமிழ்ல சத்தம் போடறாங்க. என்னன்னு கேட்டு எனக்கு வரிக்கு வரி சொல்லுங்க" என்றார். பாக்கியத்தம்மாவின் குரல்! ஈரோட்டுப் பக்கம் போனில் பேசினால் ஈரோட்டுக்கே கேட்கும்படித்தான் பேசுவார்கள். அதில் அந்தத் தாம்பாளம் வேறு நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து விழுந்தது. மோரே சாருக்குத் தமிழில் இட்லி தவிர ஒன்றும் தெரியாது. அவர் காதில் விழுந்ததெல்லாம் தாம்பா, தாம்பா, தாம்பா. "நிறுத்து, நிறுத்துங்கறாங்களே தாயி? நம்ம டூரையே நிறுத்தச் சொல்றாங்களா? நேத்து என்ன நடந்தது?" என்றார்.

பூசி மெழுகியிருக்கலாம். ஆனால் அந்தக் குரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை. வேறு பஸ்ஸில் ஏறியது, நான் ஓடியது, கோலாப்பூர்ப் பெண்கள், குங்குமம், தேங்காய் என்று அந்தம்மா சொல்லச் சொல்ல, ஒன்று விடாமல் மராத்தியில் சொன்னேன். சொல்லும்போதே பெங்களூர் மகன் வீட்டுப் பால்கனி என் கண்ணுக்குத் தெரிந்தது. கடைசியில் பாக்கியத்தம்மா, "இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னாக்கா அம்மிணி, தீவாளி கழிச்சு எங்க அக்கா தங்கச்சியெல்லாம் ஊர்லருந்து வராங்க. உங்க பஸ்ஸுலதான் போகோணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. நீங்க இல்லாட்டி வரமாட்டோமுங்க" என்று முடித்தார். அதையும் சொன்னேன்.

மோரே சார் போனை வைத்தார். "தொலைஞ்சு போன ஆளே திரும்ப டிக்கெட் கேக்குதா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, "தாயி, தும்ஹி தாம்பா" என்றார். தும்ஹி என்றால் நீங்கள். நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள்! அவ்வளவுதான், முடிந்தது. இத்தனை வருஷம் மராத்தி பேசிய எனக்கு அந்த நிமிஷம் வேறு அர்த்தமே தோன்றவில்லை. இதுவரைக்கும் வைத்திருந்தாரே, அதற்கே கோடி நமஸ்காரம் என்று நினைத்து, கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அவரைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டுவிட்டு வாசலுக்கு நடந்தேன். பின்னாலிருந்து அவர் குரல் பதறிக்கொண்டு வந்தது: "அட, எங்க கிளம்பிட்டீங்க? இங்கயே இருங்கன்னுதானே சொன்னேன், தாம்பா!"

ஊருக்கெல்லாம் நான் பாதித் தாம்பாளத்தைச் சொல்லிக்கொடுத்தேன், இந்த ஊர் எனக்கு அதில் வெற்றிலை பாக்கே வைத்துக் கொடுத்துவிட்டது, என் வீட்டுக் கதவை இன்றைக்கும் நான்தான் பூட்டுகிறேன்.